ஊவா மலைவீதிகளில் தன்னியக்கக் கியர்ப்பெட்டி: எண்ணெய்க் குளிர்ப்பியைத் தெரிதலும் பொருத்துதலும்

இலங்கையின் மலைநாட்டு வீதிகளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அவ்வீதிகளினின்று தோன்றும் காட்சிகளையே எழுதினர். அவ்வீதிகள் ஒரு வாகனத்தின் மீது சுமத்தும் உழைப்பைக் கணக்கிட்டு எழுதியோர் மிகச் சிலர். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் ஏறத்தாழ 27 கிலோமீற்றர்த் தூரத்தில், வாகனமொன்று கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 200 மீற்றர் உயரத்தில் தொடங்கி 1,040 மீற்றர் உயரத்தை அடைகின்றது. சராசரிச் சாய்வு நூற்றுக்கு மூன்று என்றே கணக்கில் வரும். ஆனால் ஈண்டுச் சராசரி நம்மை ஏமாற்றுவதாகும். கீழ்ப்பகுதி ஓரளவு சமதரை. ஏற்றத்தின் பெரும்பங்கு இராவணன் நீர்வீழ்ச்சியை அண்டிய மேற்பகுதியிலேயே திரண்டு கிடக்கின்றது. 1924ஆம் ஆண்டு பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதையை வகுத்த பொறியியலாளர்கள், 44க்கு 1 என்ற சாய்வை மீறலாகாது என்ற கட்டுப்பாட்டுக்காகத் தெமோதரையில் பாதையைச் சுருளாக வளைத்து, அதனையே அதன் கீழாகச் செலுத்தினர். தோட்டப்பாதைகளை அமைத்தோர்க்கு அத்தகைய கட்டுப்பாடு எதுவும் இருந்ததில்லை. தேயிலைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு இறக்குவதே அவர்தம் நோக்கம். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏறுவோர் இதனை நன்கறிவர்.

இவ்வீதிகளில் இன்று ஓடும் வேன்களிலும் கார்களிலும் கணிசமானவை யப்பானில் ஓடிப் பழகிப் பின்னர் இங்கு இறக்குமதியானவை. அவற்றுட் பல தன்னியக்கக் கியர்ப்பெட்டி உடையவை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீளத் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இவ்வைந்தாண்டுக் காலத்தில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் பழைமையான வாகனங்களே பாடசாலைப் பிள்ளைகளையும் நோயாளரையும் மரக்கறியையும் சுமந்து மலையேறின. இயந்திரம் பழுதுபடின் பிரித்துத் திருத்துவோர் பதுளையிலும் பண்டாரவளையிலும் உளர். தன்னியக்கக் கியர்ப்பெட்டியைப் பிரிக்க வல்லோரோ அரியர். ஆகவே பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய பெட்டியொன்றை வருவித்து மாற்றுவதே வழக்கமாயிற்று. தோட்டத்துக் குடும்பமொன்று கடன்பட்டு வாங்கிய வேனின் கியர்ப்பெட்டி எரிந்துபோவது அக்குடும்பத்தின் வருவாய் எரிந்துபோவதற்கு ஒப்பாகும். அப்பெட்டிகள் கெடுவதற்குரிய காரணங்களுள் முதன்மையானது வெப்பம். அவ்வெப்பத்தை நீக்கும் கருவியாகிய எண்ணெய்க் குளிர்ப்பியை எவ்வாறு தெரிவு செய்வது, எவ்வாறு பொருத்துவது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓட்டப்போட்டிக்கென ஆயத்தப்படுத்தப்படும் கார்களுக்கும் இதே விதிகள் பொருந்தும். அவற்றின் சிறப்பியல்புகள் பின்னர்த் தனியே நோக்கப்படும்.

வெப்பம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். கையால் இயக்கும் கியர்ப்பெட்டியில் இயந்திரத்தையும் பெட்டியையும் இணைப்பது கிளச்சுத் தட்டு. தன்னியக்கப் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் அவ்விடத்தை முறுக்கு மாற்றி ஏற்கின்றது. கராஜ்களில் ‘கொன்வேட்டர்’ எனப்படுவது இதுவே. ஜெர்மனியைச் சேர்ந்த ஹேர்மன் பொட்டிங்கர் கப்பல்களின் பயன்பாட்டுக்கெனக் கண்டு 1905இல் காப்புரிமை பெற்ற கருவி இது. எண்ணெய் நிறைந்த ஓட்டினுள் இயந்திரத்தோடு சுழலும் அலகுகள் எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் எதிரேயுள்ள அலகுகளைத் தள்ளிச் சக்கரங்களுக்கு விசையளிக்கின்றது. இரு பகுதிகளின் வேகத்துக்கும் இடையே வேறுபாடு இருக்கும்வரை எண்ணெய் கலக்கப்படும்; கலக்கப்படும் எண்ணெய் சூடேறும். சமதரையில் விரைவாகச் செல்லுங்கால் உள்ளிருக்கும் பூட்டுக் கிளச்சு இரு பகுதிகளையும் ஒன்றாகப் பிணைத்துவிடுவதால் இவ்விழப்பு அற்றுப்போகின்றது. ஆனால் கொண்டையூசி வளைவுகள் நிறைந்த ஏற்றத்தில், வேகம் மணிக்கு இருபது முப்பது கிலோமீற்றருக்குள் அடங்கிக் கிடக்கையில், அப்பூட்டு விழுவதேயில்லை எனலாம். இதன் காரணமாகவே கொழும்பிலிருந்து பெரகலை வரை குறையின்றி வந்த வாகனம் ஹப்புத்தளை ஏற்றத்தில் தடுமாறத் தொடங்குகின்றது.

கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். சுமையுடன் 1,500 கிலோகிராம் நிறையுள்ள வாகனம் ஒன்று பத்துக்கு ஒன்று என்ற சாய்வில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகின்றது எனக் கொள்க. புவியீர்ப்பை வெல்வதற்கு மாத்திரம் ஏறத்தாழ 12.3 கிலோவாற்று வலு வேண்டும். ரயர்களின் உருளல் தடைக்கு ஒன்றரை கிலோவாற்று. மொத்தம் 13.8. பூட்டு விழாத முறுக்கு மாற்றியின் திறன் நூற்றுக்கு எண்பது எனின், இயந்திரம் வழங்கவேண்டியது ஏறத்தாழ 17.3 கிலோவாற்று ஆகும். இடைவெளியான மூன்றரை கிலோவாற்றும் எண்ணெயில் வெப்பமாகவே தங்குகின்றது. வீட்டில் நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல்கள் ஏறத்தாழ இரண்டினை அந்த எண்ணெயினுள் இட்டு இடையறாது எரிப்பதற்கு இது சமன். குளிர்ப்பியின் ஊடாக நிமிடத்துக்கு ஆறு லீற்றர் எண்ணெய் பாயுமாயின், ஒவ்வொரு முறை பாயும்போதும் அதன் வெப்பநிலை 20 பாகை செல்சியசு குறைந்தாலன்றி ஏறிய வெப்பம் இறங்காது. வேனில் பதினான்கு பேர் ஏறினால் நிறையும் கூடும்; வெப்பமும் அதற்கேற்பக் கூடும்.

தன்னியக்கப் பெட்டியின் எண்ணெய் பொதுவாக 80 முதல் 95 பாகை வரை இருப்பதற்கென ஆக்கப்பட்டது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது தொழில் அறிந்தோர் வழங்கும் பருமட்டான விதி. இக்காலத்துச் செயற்கை எண்ணெய்கள் இவ்விதியினும் சற்று மேலானவை எனினும், போக்கு அதுவே. 115 பாகை அளவில் எண்ணெய் மெருகுபோன்ற படிவை விடத் தொடங்கும். 125ஐக் கடந்தால் றப்பர் அடைப்புகள் இறுகி வெடிக்கும். அதற்கும் மேல் ஏறினால் கிளச்சுத் தகடுகளின் உராய்வுப் பூச்சே கருகிப்போம். அளவுகோலை உருவி மணந்து பார்க்கையில் எரிந்த மணம் வீசினால், கேடு அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது என்பது பொருள்.

இவ்விடத்தில் எமது அபிப்பிராயம் ஒன்றைக் கூறிவைத்தல் தகும். குளிர்ப்பி வாங்குவதற்கு முன்னர் வாங்கவேண்டியது வெப்பமானியே. வாகனத்தின் முகப்பிலுள்ள முள் றேடியேற்றர் நீரின் வெப்பத்தைக் காட்டுவது; கியர்ப்பெட்டி எண்ணெயைப் பற்றி அது எதுவும் உரையாது. பெட்டியின் அடித்தட்டிலே உணரியைப் பொருத்தின் பெட்டி முழுவதன் சராசரி நிலை தெரியும்; வெளிச்செல்லும் குழாயிற் பொருத்தின் முறுக்கு மாற்றியிலிருந்து அக்கணத்திற் புறப்படும் உச்சவெப்பம் தெரியும். நீண்ட ஏற்றங்களுக்கு முன்னையதையும் போட்டிக் கார்களுக்குப் பின்னையதையும் நாம் விதந்துரைப்போம். ஒரு முறை பதுளையிலிருந்து வெல்லவாய இறங்கி மீண்டும் ஏறிப் பார்த்து, எண்ணெய் நூறு பாகையைத் தாண்டவில்லை எனக் கண்டால் மேலதிகக் குளிர்ப்பிக்குச் செலவிடுவது வீண்.

அடுத்து, தம் வாகனத்தின் பெட்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறியாது குளிர்ப்பி பொருத்த முற்படுவோர் உளர். ‘ஓட்டோ கியர்’ என்ற ஒரே பெயரால் வழங்குவன யாவும் ஒரே இயல்பின அல்ல. முறுக்கு மாற்றியும் கோள்பற்சக்கரங்களும் கொண்ட மரபான பெட்டிகளுக்கு இங்குக் கூறப்படுவது முழுமையாகப் பொருந்தும். சீ.வீ.ரி. எனப்படும் உருக்குப் பட்டிப் பெட்டிகளும் வெப்பத்துக்கு அஞ்சுவனவே. ஆனால் அவற்றிற் பலவற்றில் பெட்டியின் மேலேயே இயந்திர நீரால் எண்ணெயைக் காலையில் சூடாக்கியும் பின்னர்க் குளிரவைத்தும் பேணும் மாற்றி ஒன்று உள்ளது. அதனை அகற்றாது, வெப்பத்தடுக்கி வால்வு உடைய குளிர்ப்பியையே தொடராகச் சேர்த்தல் வேண்டும். ஹொண்டா நிறுவனம் 2013 முதல் பிற் கலப்பின வாகனத்திலும் தொடர்ந்து வெசல் வாகனத்திலும் வழங்கிய ஏழு வேக இரட்டைக் கிளச்சுப் பெட்டி இவற்றினின்றும் வேறானது. அதன் கிளச்சுகள் எண்ணெயில் மூழ்காத உலர்வகை. ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து செல்லுங்கால் சூடேறுவது அக்கிளச்சுத் தட்டு. எண்ணெயைக் குளிர்விப்பதால் அதற்கு எவ்விதப் பயனும் இல்லை. முன்செல்லும் வாகனத்துக்கு இடம்விட்டு, பின் ஒரே மூச்சில் ஏறுவதும், ஏற்றத்தில் அக்சிலேற்றரால் வாகனத்தைத் தாங்கி நிறுத்தாது பிறேக்கால் நிறுத்துவதுமே அதற்குரிய மருந்து. சுசூகியின் ஏ.ஜீ.எஸ். பெட்டிக்கும் இக்கூற்று பொருந்தும். ரொயோற்றாக் கலப்பின வாகனங்களிற் பெரும்பாலானவற்றில் முறுக்கு மாற்றியே கிடையாது.

இனி, குளிர்ப்பியின் வகைகள். தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தி அறையைக் கண்டோர்க்கு இதன் தத்துவத்தை விளக்கல் எளிது. அங்கு விறகடுப்பின் சூடு குழாய்களினூடே செல்ல, விசிறி இழுக்கும் காற்று அக்குழாய்களைத் தழுவிச் சூடேறிக் கொழுந்தை உலர்த்துகின்றது. இங்குச் சூடான எண்ணெய் குழாயினூடே செல்ல, காற்று வெப்பத்தை ஏந்திச் செல்கின்றது. அங்குச் சூடான காற்றே பயன். இங்கு அது கழிவு. அவ்வளவே வேறுபாடு. மிக எளிய வகை, வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைக் குழாயின்மீது அலுமினியத் தகடுகள் கோக்கப்பட்டது. விலை குறைவு, கல் பட்டாலும் தாங்கும், ஆயின் குழாயின் நடுவே ஓடும் எண்ணெய் சுவரைத் தொடாமலே சென்றுவிடுவதால் அதன் திறன் தாழ்ந்தது. அடுத்தது, தட்டையான பல வழிகளும் அவற்றினுள் எண்ணெயைக் குழப்பிவிடும் நெளிதகடுகளும் கொண்ட தட்டுவகை. மூன்றாவது, தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி உருக்கி ஒட்டிய அடுக்குத் தட்டுவகை. அதிகாலைக் குளிரில் எண்ணெய் தடித்திருக்கையில் அகன்ற வழியாற் கடந்துபோகவும், சூடேறிய பின் எல்லா வழிகளிலும் பரவவும் இடந்தருவதால் அழுத்த இழப்புக் குறைவு. ஒரே பரப்பளவில் அடுக்குத் தட்டுவகையே மிகுதியான வெப்பத்தை நீக்கும். பண்டாரவளை, தியத்தலாவை ஆகிய இடங்களின் காலைக் குளிரையும் நண்பகல் ஏற்றத்தையும் ஒருங்கே எண்ணுவோர் இதனைத் தெரிவதே நன்று.

அளவு பற்றிய வினாவுக்கு வருவோம். 28 சென்ரிமீற்றர் நீளமும் 19 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள குளிர்ப்பி ஒன்றின் ஊடாகக் காற்று வினாடிக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் செல்கின்றது எனக் கொள்வோம். மலைநாட்டின் வெயிற்பொழுதில் ஒரு கன மீற்றர்க் காற்றின் நிறை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். மேற்கண்ட மூன்றரை கிலோவாற்றையும் அக்காற்றே ஏற்குமாயின் அதன் வெப்பநிலை 33 பாகை உயரும். 30 பாகையில் நுழையும் காற்று 63 பாகையில் வெளியேறும். எண்ணெய் நூறு பாகையில் இருப்பின் இது எட்டக்கூடியதே. றேடியேற்றர்த் தொட்டியினுள் ஏற்கெனவே உள்ள குளிர்ப்பியும் ஒரு பங்கை ஏற்பதால், சாதாரண வேனுக்கு இவ்வளவு போதும். ஆயினும் இரு காரணங்களால் ஊவாவில் ஓரளவு பெரிதாக வாங்குவதே முறை. முதலாவது, ஹப்புத்தளையின் ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையிலுள்ளதை விட நூற்றுக்குப் பதின்மூன்று அளவு குறைவு. குளிர்ப்பிக்குக் கிடைக்கும் காற்றும் அவ்வாறே குறையும். இயந்திரத்தின் வலுவும் அவ்வாறே குறைவதால் சாரதி அக்சிலேற்றரை மேலும் மிதிப்பார். இரண்டாவது, மெதுவாக ஏறும் வாகனத்துக்கு எதிர்க்காற்று என்பது பெயரளவிலேயே உண்டு. குளிர்ப்பியின் முன்னால் மணிக்கு முப்பது கிலோமீற்றர் என்பது காகிதத்தில்தான். பம்பர், கிறில், குளிரூட்டியின் கண்டென்சர் ஆகியவற்றைக் கடந்து உள்ளே நுழைவது அதில் ஒரு சிறு பங்கே. எனவே றேடியேற்றர் விசிறி இழுக்கும் பரப்பினுள் குளிர்ப்பி அமைந்ததா என்பது அதன் அளவினும் முக்கியமான வினாவாகும்.

பழைய குளிர்ப்பியை வாங்கலாமா என்று கேட்போர் உளர். கியர்ப்பெட்டியைப் பழையதாக வாங்குவது தவிர்க்கவியலாததாகலாம்; குளிர்ப்பியைப் பழையதாக வாங்குவது தவிர்க்கத்தக்கதும் தவிர்க்கவேண்டியதும் ஆகும். முன்னைய பெட்டி எரிந்தபோது உதிர்ந்த உலோகத் தூளும் கிளச்சுத் துகளும் அதன் நுண்வழிகளில் தங்கியிருக்கும். எத்தனை முறை கழுவினும் அவை முற்றாக வெளிவருவதில்லை. புதிய பெட்டியின் சூடான எண்ணெய் பாய்ந்த பின்னரே அவை இளகிப் புறப்பட்டு அதன் வால்வுகளுட் போய் அடையும். பெட்டி மாற்றிய மூன்றாம் மாதத்திலேயே மீண்டும் பெட்டி போயிற்று என்ற முறைப்பாடுகளின் பின்னணியில் பெரும்பாலும் கழுவப்படாத பழைய குளிர்ப்பியே இருக்கும். திரும்பும் குழாயில் காந்தமுள்ள சிறு வடிகட்டி ஒன்றை இணைத்தால் இவ்வச்சம் குறையும்.

பொருத்தும் முறையில் முதலாவது தெளியவேண்டியது, பெட்டியிலிருந்து றேடியேற்றருக்குச் செல்லும் இரு குழாய்களுள் எது போவது, எது வருவது என்பது. ஒரு குழாயைக் கழற்றி, இரு முனைகளையும் வெவ்வேறு போத்தல்களுட் செலுத்தி, ‘பார்க்’ நிலையில் இயந்திரத்தைச் சில வினாடி மட்டும் இயக்கினால் எண்ணெய் எதிலிருந்து வருகின்றது எனக் காணலாம். அவ்வேளையில் பாய்ச்சலையும் அளந்துகொள்ளலாம். அரை நிமிடத்தில் ஏறத்தாழ ஒரு லீற்றராவது வராவிடின் பழைய குளிர்ப்பியோ பம்பியோ அடைபட்டுள்ளது; அதனைத் தீர்க்காது புதியதைச் சேர்ப்பதிற் பயனில்லை. பெட்டியில் எண்ணெய் வற்றிவிடாதவாறு வெளியேறிய அளவை உடனே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் முதலில் றேடியேற்றர்த் தொட்டிக்கும், அங்கிருந்து புதிய காற்றுக் குளிர்ப்பிக்கும், அதிலிருந்து பெட்டிக்கும் செல்லுமாறு இணைப்பது பொதுவழக்கு. பெட்டிக்குத் திரும்பும் எண்ணெயே மிகக் குளிர்ந்ததாக இருக்கும் என்பது இதன் நியாயம். றேடியேற்றரை அறவே விலக்கிக் காற்றுக் குளிர்ப்பியை மட்டும் நம்பலாமா என்பது விவாதத்துக்குரியது. நீரினுள் அமிழ்ந்த குளிர்ப்பி, காலையில் எண்ணெயை விரைவிற் சூடேற்றும் நன்மையும் உடையது. எண்ணெய் 65 பாகை அளவை எட்டாவிடின் பல பெட்டிகளில் பூட்டுக் கிளச்சு விழாது. எண்ணெயிற் கலந்த ஈரமும் ஆவியாகாது. மறுபக்கம், பழைய றேடியேற்றரினுள் அக்குளிர்ப்பி துருப்பிடித்துத் துளைபட்டால் நீரும் எண்ணெயும் கலந்து இளஞ்சிவப்பான பாற்குழம்பாகும். நீரிலுள்ள கிளைக்கோல் கிளச்சுத் தகடுகளின் பசையைக் கரைக்கும். அவ்வாறு கலந்த பெட்டி பெரும்பாலும் பிழைப்பதில்லை. றேடியேற்றர் அண்மையில் மாற்றப்பட்டதாயின் அதனைச் சேர்த்தே இணைக்க. வாகனத்தோடு யப்பானிலிருந்து வந்த அதே பழைய றேடியேற்றர் எனின், அதனை விலக்கி, வெப்பத்தடுக்கி வால்வுடன் கூடிய குளிர்ப்பியை மட்டும் பயன்படுத்துக என்பதே எமது நிலைப்பாடு. உறைபனி காணும் நாடுகளில் இவ்வாறு விலக்குவது தவறாகலாம். பதுளையின் தட்பவெப்பத்தில் அது பொருந்தும்.

குளிர்ப்பியின் இடம், றேடியேற்றருக்கும் கண்டென்சருக்கும் முன்னால். இரண்டுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி விட்டு, ஓரங்கள் பஞ்சுப் பட்டியால் அடைக்கப்பட்டால் காற்று பக்கவாட்டில் நழுவாது. றேடியேற்றர்ப் பரப்பு முழுவதையும் மறைப்பது நீரின் வெப்பத்தை ஏற்றும். மூன்றில் ஒன்றுக்கு மேல் மறையாதிருப்பது நல்லது. குளிர்ப்பியுடன் விற்கப்படும் பிளாஸ்டிக் ஊசிகளைத் தகடுகளினூடே செருகிக் கண்டென்சரிற் கட்டிவிடும் பழக்கம் எங்கும் காணப்படுகின்றது. குன்றும் குழியுமான தோட்டப்பாதையில் ஓயாது குலுங்கும் வாகனத்தில், அவ்வூசி அரைத்து அரைத்து ஈற்றில் இரண்டில் ஒன்றைத் துளைத்துவிடும். இரும்புப் பட்டியால் சட்டத்தில் தனியே தாங்கி, இடையே றப்பர் வைத்தல் வேண்டும். எண்ணெய் வாய்கள் மேனோக்கியோ பக்கவாட்டிலோ இருத்தல் வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் மேற்பகுதியிற் காற்று சிறைப்பட்டுப் பரப்பின் ஒரு பகுதி பயனற்றுப்போம்.

ஹோஸ் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டியுள்ளது. நல்ல குளிர்ப்பிக்குப் பணம் செலவிட்டோர் கூட ஈற்றில் கையிற் கிடைத்த பெற்றோல் ஹோஸையோ நீர் ஹோஸையோ பொருத்திவிடுகின்றனர். பெற்றோல் ஹோஸ் கியர் எண்ணெயின் வெப்பத்துக்கு ஆக்கப்பட்டதன்று. சில மாதங்களில் இறுகி, கிளிப்பின் ஓரத்தில் வெடிக்கும். எஸ்.ஏ.ஈ. ஜே 1532 எனும் தரக்குறி பொறித்த, கியர் எண்ணெய்க் குளிர்ப்பிக்கென்றே செய்யப்பட்ட ஹோஸே வேண்டும். இரும்புக் குழாயை வெட்டி இணைக்குமிடத்து அதன் முனையிற் சிறு வரம்பொன்றை எழுப்பாது ஹோஸை வெறுமனே ஏற்றிக் கிளிப் இறுக்குவது, அழுத்தம் ஏறும்போது கழன்று பறப்பதற்கு வழிகோலும். திருகுக் கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் அது ஹோஸையே அறுக்கும். புகைக்குழாயிலிருந்து விலக்கி, தகட்டினூடே செல்லுமிடங்களில் றப்பர் வளையமிட்டு, மடிப்பு விழாதவாறு அகன்ற வளைவாகக் கொண்டுசெல்க. இத்தகைய ஹோஸ் ஒன்று மலைச்சரிவிற் கழன்றால் சில நிமிடங்களுள் பெட்டியின் எண்ணெய் முழுவதும் வீதியில் இருக்கும். சூடான புகைக்குழாயிற் சிந்தினால் தீயும் பற்றும்.

முடிவில், எண்ணெயின் மட்டம். புதிய குளிர்ப்பியும் ஹோஸும் சேர்ந்து சுமார் அரை லீற்றரை மேலதிகமாக ஏற்கும். தயாரித்தோர் விதித்த எண்ணெயையே நிரப்புக. ரொயோற்றாவின் ரீ-4 வகைக்கு ஆக்கப்பட்ட பெட்டியிலோ சீ.வீ.ரி. பெட்டியிலோ ‘எல்லாவற்றுக்கும் ஏற்றது’ எனும் எண்ணெயை ஊற்றுவது சூதாட்டம். மட்டத்தை இயந்திரம் ஓடுகையில், எண்ணெய் குறித்த வெப்பத்தை அடைந்த பின், சமதரையில் பார்க்க வேண்டும். சமதரை என்பது பதுளை மாவட்டத்தில் எங்குண்டு என்று கேட்பது வேடிக்கையன்று. எரிபொருள் நிலையத்தின் தளம் பெரும்பாலும் உதவும்.

போட்டிக் கார்களுக்கு வருவோம். தியத்தலாவையில் இராணுவத்தின் ஏற்பாட்டில் நடைபெற்றுவந்த பொக்ஸ்ஹில் சூப்பர் குரொஸ் மண்தளப் போட்டி ஊவாவில் இத்துறையின் முதன்மையான நிகழ்வு. அண்டையிலுள்ள நுவரெலியாவின் மகாகஸ்தொட்டைத் தோட்டத்தில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் போட்டி இலங்கையின் மிகப் பழைய மோட்டார்ப் போட்டிகளுள் ஒன்று. இத்தகைய போட்டிகளிற் பெரும்பாலான கார்கள் கைக்கியர் உடையவை. அவற்றின் பெட்டியில் எண்ணெயை வெளியே செலுத்தும் பம்பி இராமையால், குளிர்ப்பி வேண்டின் மின்பம்பி தனியே வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் மட்டுமே நீடிக்கும் மலையேற்றத்துக்கு அது தேவையற்ற நிறையே. தன்னியக்கப் பெட்டியுடன் போட்டியிடுவோர் நிலை வேறு. பிறேக்கை மிதித்தவாறே அக்சிலேற்றரை அழுத்திப் புறப்பாட்டுக்குக் காத்திருக்கையில் இயந்திரத்தின் வலு முழுவதும் எண்ணெயில் வெப்பமாகின்றது. அறுபது கிலோவாற்று ஐந்து வினாடிக்கு எனின், அது ஆறு லீற்றர் எண்ணெயை ஏறத்தாழ 29 பாகை சூடேற்றப் போதும். எந்தக் குளிர்ப்பியும் அவ்வைந்து வினாடியில் அதனை ஈடுசெய்யாது. குளிர்ப்பி செய்வதெல்லாம் அடுத்த ஓட்டத்துக்கு முன் எண்ணெயை மீட்டுத் தருவதே. ஆகவே தனி மின்விசிறியுடன், கார் நின்றிருக்கும்போதும் இயங்குமாறு அமைப்பது இவற்றுக்கு இன்றியமையாதது. மிற்சுபிசி லான்சர் எவொலூசன் பத்தாம் வகையின் எஸ்.எஸ்.ரி. இரட்டைக் கிளச்சுப் பெட்டி எண்ணெயில் மூழ்கியது. தொடர்ந்த ஓட்டத்தில் சூடு மிகின் எச்சரிக்கை காட்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்குப் பெரிய குளிர்ப்பி பொருத்துவோர் பலர். மண்தளத்தில் முன்னால் ஓடும் கார் எறியும் கற்களைத் தடுக்க வலையொன்றும் வேண்டும்.

போட்டித் திடலில் ஹோஸ் கழல்வது ஓட்டுநருக்கு மட்டுமுரிய இழப்பன்று. வளைவில் சிந்திய எண்ணெய் பின்வரும் காரைத் திசைமாற்றும். 2024 ஏப்ரல் 21ஆந் திகதி பொக்ஸ்ஹில்லில் கார் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தனர். திடலின் ஓரத்தில் நிற்போர்க்கும் காருக்கும் இடையே எத்துணை சிறிய இடைவெளி உள்ளது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. சில போட்டி விதிகள் ஹோஸ் இணைப்புகளைத் திருகிணைப்பாகவே அமைக்கவேண்டும் என வற்புறுத்துவது இதனாலேயே.

இறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். கியர்ப்பெட்டியைக் காப்பது ஏறுவதற்காக மட்டுமன்று. 2021 மார்ச்சு 20இல் பசறை வீதியிலும் 2025 செப்டெம்பர் 4இல் எல்ல–வெல்லவாய வீதியிலும் பேருந்துகள் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டனர். இச்சரிவுகளில் பிறேக்கை மட்டும் நம்பி இறங்கலாகாது; தாழ்ந்த கியரில் இயந்திரத்தின் பிடியோடு இறங்கவேண்டும் என்பது பழைய சாரதிகள் யாவரும் அறிந்தது. தன்னியக்கப் பெட்டியில் அப்பிடியைத் தருவன உள்ளிருக்கும் கிளச்சுத் தகடுகளே. வெப்பத்தாற் கருகி வழுக்கும் தகடுகள் ‘எல்’ நிலையிலும் வாகனத்தைத் தாங்கா. சாரதியோ தாங்கும் என்றெண்ணி வளைவுக்குள் நுழைவார். ஏற்றத்தில் விளைந்த கேடு இறக்கத்தில் வெளிப்படும் விதம் இது. அதே வேளையில், குளிர்ப்பி பொருத்தியமையால் பிறேக்குக்கு எந்த நன்மையும் இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை ஊவாவுக்கெனத் தனிப் பருவம் உண்டு. யூலை முதல் செப்டெம்பர் வரை, மேற்கு மலைச்சரிவுகள் மழையில் நனைகையில், மலையைக் கடந்து வரும் உலர்ந்த காற்று ஊவாவிற் கடுமையாக வீசும். தேயிலைக்குச் சிறந்த மணத்தை அளிப்பது அக்காற்றே; தோட்டப்பாதையின் செம்மண் தூசியையும் சருகையும் கிளப்பிக் குளிர்ப்பியின் தகடுகளுக்குள் அடைப்பதும் அதுவே. கண்டென்சருக்கும் குளிர்ப்பிக்கும் இடையே படியும் தூசி முன்னால் நின்று பார்ப்பவர்க்குத் தெரியாது. அப்பருவம் கழிந்ததும் முன் பம்பரைக் கழற்றி, பின்புறமிருந்து முன்னோக்கி, தகடுகள் மடியாதவாறு தாழ்ந்த அழுத்தத்தில் நீர் பாய்ச்சிக் கழுவுதல் வேண்டும். சேர்விஸ் நிலையங்களின் உயர் அழுத்தத் துப்பாக்கியை அருகிற் பிடித்தால் தகடுகள் படுத்துவிடும். அவ்வேளையிலேயே கிளிப்புகளை ஒருமுறை தொட்டுப் பார்த்து, ஹோஸின் ஓரங்களில் ஈரம் கசிந்து தூசி ஒட்டியிருக்கின்றதா எனவும் நோக்கலாம்.